பதினேழாம் எண் ஆணி

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மண்ணூர் பிள்ளையார் கோயில் எதிரே பஸ் வந்து நின்றபோது, செந்தாமரை சிங்கப்பூருக்குப் போகிறவளைப் போலவே உடுத்திக்கொண்டு நின்றாள்.

போகப் போவது மணிமங்கலம் வரைக்கும்தான். ஆனாலும் பயணத்துக்கென்று எடுத்து வைத்த அதே நைலக்ஸ் புடவை, அதே செருப்பு, இடுப்பில் புடவைக்குள் கட்டிய அதே துணிப்பை. பைக்குள் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் இருந்தது. அசல் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது.

"ட்ரயல்னா நெஜம் மாரியே இருக்கணும்" என்று கண்ணப்பன் நேற்றே சொல்லிவிட்டார். "புது மிஷின் வந்தா ட்ரயல் பாக்காம லைன்ல போடுவாங்களா? இருபத்திரண்டு பேர ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்பறோம், சும்மாவா?"

கண்ணப்பன் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஸ்பிரிங் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று பார்ப்பதே இருபத்தாறு வருஷமாக அவர் தொழில். தன் மனைவி தன்னை விட்டு ஒன்பது நாள் கடல் கடந்து போகப் போகிறாள் என்றதும், அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் பயப்பட ஆரம்பித்தார்.

போகவேண்டிய காரணம் வாசகர்களுக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகன் பகலவன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். ஏப்ரல் மாதம் அவன் வலது கையில் அடிபட்டது. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் வேறு யாரோ எழுதியவை. 'கை தேவலை, கவலைப்பட வேண்டாம்' என்று ஒரே வரி, நாலு கடிதத்திலும் அச்சடித்த மாதிரி. அந்தக் கையை ஒரு தடவை தன் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று செந்தாமரை முடிவு செய்துவிட்டாள்.

இரண்டு பேருமாகத்தான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். அவளுடையது வந்துவிட்டது. அவருடையது போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தது. இந்த வருஷம் மே மாதம் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எந்த விசாரணையும் சுருக்காக முடிவதில்லை.

ஆகவே செந்தாமரை தனியாக, அதாவது இன்னும் இருபத்தொரு பேரோடு, தாண்டவராயன் நடத்தும் மலேசியா–சிங்கப்பூர் சுற்றுலாவில் வரும் வெள்ளிக்கிழமை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டும். தாண்டவராயன் பதினைந்து வருஷமாகக் காசிக்கும் திருப்பதிக்கும் பஸ் விட்டவர். வெளிநாட்டுக்கு இதுவே முதல் தடவை. வீட்டார் சம்மதப் படிவம் ஒன்று எல்லோரிடமும் வாங்கியிருந்தார். இருபத்தொரு படிவம் வந்துவிட்டது. கண்ணப்பன் மட்டும், "ட்ரயல் முடியட்டும், அப்புறம் கையெழுத்து" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்து இன்றைக்கு விழ வேண்டும். விழாவிட்டால் பயணம் இல்லை.

*

பஸ்ஸின் முன்கதவுக்கு உள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணப்பன் ஒரு பலகையைக் கட்டினார். அதில் இருபத்திரண்டு ஆணி. ஒவ்வோர் ஆணிக்கு மேலும் சிவப்புப் பெயின்ட்டில் ஓர் எண். ஒவ்வோர் ஆணியிலும் அதே எண் குத்திய தகர வில்லை ஒன்று.

கம்பெனியில் டோக்கன் போட்டுப் பழகாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கூட்டத்தை எண்ணுவது மிகக் கடினமான வேலை. ஆள் நகர்வான், குனிவான், இரண்டு தடவை எண்ணப்படுவான். எண்ணி முடித்து இருபத்தொன்று வந்தால், குறைகிற ஒருவர் யார் என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. டோக்கன் பலகை ஆளை எண்ணுவதே இல்லை. இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் வில்லையை எடுத்துப் போகிறார். ஏறும்போது தன் ஆணியில் மாட்டுகிறார். எல்லோரும் ஏறியாகிவிட்டதா என்று பார்க்கப் பலகையை ஒரு பார்வை பார்த்தால் போதும். மொட்டையாக நிற்கும் ஆணி, வராதவரின் பெயரையே சொல்லிவிடும்.

"வந்தவன எண்ணாதீங்க. வராதவனப் பாருங்க. அவ்ளோதான் விஷயம்" என்றார் கண்ணப்பன். அதைச் சொல்லும்போது அவர் முகம் மாப்பிள்ளை முகம் மாதிரி மலர்ந்தது.

"அண்ணே, எங்க கம்பெனிலயும் டோக்கன்தான். எங்களுக்கே பாடமா?" என்றாள் மீனம்மாள். அவளும் செந்தாமரையும் சுவிட்ச் கம்பெனியில் ஒரே பேக்கிங் லைன். அவள் தம்பி சிங்கப்பூரில் மளிகைக் கடையில் வேலை செய்கிறான்.

"உங்க கம்பெனி டைம் ஆபீஸ்ல தூங்கிக்கினு இருப்பாங்கம்மா. ஒருத்தி நாலு பேருக்கு டோக்கன் போடுவீங்க. எங்கிட்ட நடக்காது. டோக்கன் பெட்டிக்குள்ள விழற சத்தத்துலயே ஒண்ணா ரெண்டான்னு சொல்லிருவேன்."

மீனம்மாள் செந்தாமரையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மண்ணூர் பஸ் தாமதமான நாட்களில் ஒருத்திக்கு ஒருத்தி டோக்கன் போட்டுக்கொண்ட கதையெல்லாம் கண்ணப்பன் காதுக்குப் போனதில்லை.

*

முதல் நிறுத்தம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. அரை மணி நேரம்.

திரும்பி ஏறியபோது நாலாம் எண் ஆணி மொட்டையாக நின்றது. தாண்டவராயன் கை ஒலிபெருக்கியை எடுத்தார்.

"நாலாம் நம்பர்! நாலாம் நம்பர் எங்க? ஒதுங்கப் போயிட்டாரா?"

கரைக்குக் கீழே புதர் மறைவிலிருந்து அரிசி மில் சின்னப்பையன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஏறி வந்தார். அறுபது வயது. "யோவ், அதுக்கும் மைக் வெச்சா கூப்புடுவ?" என்று அவர் சிரிக்க, பஸ்ஸே சிரித்தது. அவரே எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தார்.

பெண்கள் பக்கம் சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது.

"பாத்தீங்களா? ஒரே நிமிஷம். யாருன்னு தெரிஞ்சிப்போச்சு" என்று கண்ணப்பன் பலகையைத் தட்டிக் காட்டினார்.

அடுத்து மணிமங்கலம். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும், கண்ணப்பன் எல்லோரையும் மதில் ஓரமாக நிறுத்தினார். இரண்டாவது பாடம்.

"கூட்டத்துல யாரு தொலைஞ்சாலும் ஒரே ரூல். எந்த எடத்துல கடைசியா எங்களப் பாத்தீங்களோ, அந்த எடத்துலயே நில்லுங்க. நவுராதீங்க. தேடறது எங்க வேல."

"அது இன்னாண்ணே, நாமளும் தேடுனா சீக்கிரம் கெடைக்குமே?" என்றாள் மீனம்மாள்.

கண்ணப்பனுக்கு இந்தக் கேள்வி வெல்லக்கட்டி. "கெடைக்காது. சின்னப்பையன் அண்ணே, இங்க வாங்க. தாண்டவராயா, நீயும் வா. ரெண்டு பேரும் கோயிலச் சுத்துங்க. அவரு இந்த மூலையிலேர்ந்து, நீ எதிர் மூலையிலேர்ந்து. ஒருத்தர ஒருத்தர் தேடிக்கினே சுத்துங்க. பிரதட்சணம்தான், ஒரே பக்கமா."

இருவரும் நடந்தார்கள். இரண்டு சுற்று ஆயிற்று. முன்னால் ஒருவர் மறைந்த பிறகு பின்னால் மற்றவர் தோன்றினார். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. மூன்றாம் சுற்றில் சின்னப்பையனுக்கு மூச்சு வாங்கியது. மதிலில் சாய்ந்து நின்றுவிட்டார். ஒரு நிமிஷத்தில் தாண்டவராயன் பின்னாலிருந்து வந்து அவர் தோளைத் தொட்டார்.

"ஆங்! நின்னாரு, கெடைச்சாரு. ரெண்டு பேரும் நடந்தா ரெண்டு பேரும் தொலைஞ்சவங்க" என்றார் கண்ணப்பன்.

செந்தாமரைக்குத் தன் கணவரைப் பார்க்கப் பெருமையாகவே இருந்தது. கூடவே அடிவயிற்றில் ஒரு சங்கடமும் இருந்தது. காலையில் மனசு கேட்காமல் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டிருந்தாள்.

*

பதினொன்றரைக்கு எல்லோரும் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். செந்தாமரையின் நடை பின்தங்கியது. மீனம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா?"

"அவசரம்டி. அந்தத் தெருவுல ஒரு வூட்ல கேட்டுப் போய்ட்டு வந்துர்றேன்."

"சொல்லிட்டுப் போயேன்."

"யார்கிட்ட? மைக்கு புடிச்சவர்கிட்டயா?" செந்தாமரை தன் தகர வில்லையை எடுத்து மீனம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். "இத மாட்டிடு. ஆணி மொட்டையா இருந்தா, பதினேழு எங்கன்னு ஊருக்கே கேக்கற மாரி கத்துவாரு. அஞ்சே நிமிஷம்."

மீனம்மாள் யோசிக்கவே இல்லை. எத்தனை வருஷப் பழக்கம்! பதினெட்டைத் தன் ஆணியில் மாட்டினாள். அதே வீச்சில் பதினேழையும் மாட்டினாள். பெட்டி இல்லாததால் சத்தமும் இல்லை.

தெருவில் மூன்றாவது வீட்டுப் பெண் நல்லவள். கொல்லைப்புறத்தைக் காட்டினாள், கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டாள். சிங்கப்பூர் என்றதும் இன்னும் இரண்டு கேள்வி. ஹாரன் சத்தம் கேட்டபோது, ஆணி பார்த்துத்தானே எடுப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள் செந்தாமரை. அடுத்த கணம் அவளுக்கு நினைவு வந்தது. ஆணி நிறைந்திருக்கிறது.

ஓடி வந்தாள். பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது.

*

படப்பைப் பக்கம் தூசி இன்னும் அடங்கவில்லை. டி.வி.எஸ். ஐம்பதில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தினார். 

"பஸ்ஸ வுட்டுட்டியாம்மா? ஏறு, படப்பைல புடிச்சிரலாம்."

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கால் தானாகவே ஒரு அடி எடுத்து வைத்தது. அப்போது செந்தாமரை தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாள். இது சிங்கப்பூராக இருந்தால்? இவர் பேசுகிற பாஷை எனக்குத் தெரியாது. படப்பை எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. இவர் ஒரு வழியில் போக, பஸ் இன்னொரு வழியில் திரும்பி வந்தால்?

"வேணாங்க. இங்கயே நிக்கறேன். வருவாங்க."

"எப்ப வருவாங்களோ! வெயில் கொளுத்துது."

"வர்றப்ப வரட்டுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

செந்தாமரை கோபுர வாசலுக்கு எதிரே, பஸ் நின்றிருந்த அதே இடத்தில் நின்றாள். கோபுரத்தின் நிழல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்திருந்தது. நிழல் நகர நகர அதோடு ஒரு அடி, அரை அடி நகர்ந்தாள். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தை மட்டும் விடவில்லை. இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் இருந்தது. ஓட்டல் பெயரும் போன் நம்பரும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சடித்த சீட்டு இருந்தது. அந்தச் சீனத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோலம் மாதிரி இருந்தது. இதைக் காட்டினால் எந்த டாக்சிக்காரனும் கொண்டுபோய் விடுவான் என்று தாண்டவராயன் சொல்லியிருந்தார்.

பயம் வரும் என்று காத்திருந்தாள். முதல் பதினைந்து நிமிஷம் வந்தது. பிறகு, வந்த வழியே போய்விட்டது. நின்றால் கிடைப்போம் என்பது அவளுக்குக் கண்ணெதிரே பார்த்த கணக்கு.

பயத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

*

ஒரு மணி ஆக ஐந்து நிமிஷம் இருந்தபோது பஸ் திரும்பி வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே மீனம்மாள் குதித்து ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ பின்கதவுல ஏறியிருப்பேன்னு நெனச்சேன்க்கா! பாட்டு வேற போட்டுட்டாங்க. ஒரகடத்துல டீக்கு நிறுத்துனாங்களா, அவங்கவங்க டோக்கன எடுத்துக்கினு எறங்கினோம். எல்லாரும் எறங்கியாச்சு. பலகைல ஒண்ணு மட்டும் எடுக்காம தொங்குது. பதினேழு! அண்ணன் மூஞ்சியப் பாக்கணுமே நீ..."

செந்தாமரைக்குச் சட்டென்று புரிந்தது. ஏறும்போது ஒரு டோக்கன் பொய் சொல்லலாம். இறங்கும்போது அதனால் முடியாது. எடுக்க ஆள் இல்லாத வில்லை ஆணியிலேயே கிடக்கும்.

கண்ணப்பன் கடைசியாக இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. அருகில் வந்தார், அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலியே?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் அவர் குரல் ஏறிவிட்டது.

"டைம் ஆபீஸ்காரன் பொண்டாட்டியே கள்ள டோக்கன் போட வெப்பியா? மணிமங்கலத்துலயே இப்படின்னா அங்க இன்னா ஆவும்? நீ போவ வேணாம். தாண்டவராயா, பேர அடிச்சிரு."

"அண்ணே, கொஞ்சம் பொறு..." என்றார் தாண்டவராயன்.

"இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துன பொண்டாட்டிய ஒருதரம் திரும்பிப் பாக்கல, தகரத்தப் பாத்துட்டு வண்டிய எடுங்கன்னாரு. இப்ப கோவம் வேற வருது" என்று சின்னப்பையன் யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னார். 

கண்ணப்பன் காதில் அது விழுந்தது.

செந்தாமரை நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "தப்பு என்னுதுதான். மாட்டச் சொன்னது நானு. ஏன் மாட்டச் சொன்னேன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அவள் தாண்டவராயன் பக்கம் திரும்பினாள்.

"நாலாம் நம்பர் ஒதுங்கப் போனாரான்னு மைக்குல கேட்டீங்க. அவரு சிரிச்சாரு. அது நானா இருந்தா? அதுக்குப் பதிலு வழில விழுந்து சாவலாம்னு இருக்கும். அதான் டோக்கன மாட்டச் சொல்லிட்டு ஓடுனேன்." சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். "நான் ஒருத்திதான் காலைல மோர் குடிச்சேன்னு நெனக்கிறேன். நீங்க எல்லாம் இன்னா குடிச்சீங்க?"

முதலில் வாய் திறந்தது அம்சவல்லி டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பஸ்ஸில் எல்லோரையும் விட மரியாதைக்குரியவர்.

"நேத்து ராத்திரிக்கு அப்புறம் நான் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல" என்றார் அவர், பாடம் நடத்துகிற குரலில். "பஸ் டூர்னா நான் குடிக்கறதில்ல. காசிக்குப் போனப்ப ரெண்டாம் நாளே மயங்கி விழுந்தேன். சர்க்கரைன்னு சொல்லிட்டேன். எனக்கு சர்க்கரை கெடையாது."

"நானும் குடிக்கல" என்றாள் மீனம்மாள்.

"நானும்."

"காபிகூட வேணாம்னுட்டேன்."

பதினோரு பெண்கள். செந்தாமரையைத் தவிர ஒருத்தி தொண்டையிலும் தண்ணீர் இறங்கியிருக்கவில்லை. தாண்டவராயன் கையிலிருந்த ஒலிபெருக்கியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பதினைந்து வருஷமாக எத்தனை பெண்கள் தன் பஸ்ஸில் மயங்கி விழுந்தார்கள், எத்தனை தடவை வெயில் என்றும் பித்தம் என்றும் எலுமிச்சம்பழம் கொடுத்தோம் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கண்ணப்பன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மிஷின்தான். அதில் ஒரு பல் குறைகிறது என்பது அவருக்கு இப்போது தெரிந்தது.

"உங்க லைன்ல இதுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். கோபத்தின் மிச்சம் இருந்தாலும், கேள்வி உண்மையான கேள்வி.

"ரிலீஃப் கட்டை" என்றாள் செந்தாமரை.

சுவிட்ச் கம்பெனி லைனில் ஒரு பெண் எழுந்து போக வேண்டுமென்றால் யாரிடமும் கேட்க வேண்டாம். லைன் முனையில் ஒரு மஞ்சள் மரக்கட்டை இருக்கும். அதை எடுத்துத் தன் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவாள். ஸ்டூல் காலியாக இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம்; கட்டை இருந்தால், ஆள் இருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். சூப்பர்வைசர் கட்டையைப் பார்த்தால் வாயைத் திறக்கக் கூடாது. லைனுக்கு ஒரே கட்டை என்பதால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் காணாமல் போகவும் முடியாது.

"ஆணி மொட்டையா இருந்தா தேடணும். மஞ்சள் தொங்குனா காத்திருக்கணும், கேக்கக் கூடாது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதில்ல? உங்க பலகைல அந்த வித்தியாசம் இல்ல. அதான் நான் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு."

புளிசாதம் கட்டி வந்த மஞ்சள் பையிலிருந்து மீனம்மாள் இரண்டு கீற்றுத் துணி கிழித்தாள், ஒதுங்கப் போகிறவள் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போக. வெளியூரில் எந்தப் பெண்ணும் தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் என்று அம்சவல்லி டீச்சர் சேர்த்தார். அதனால் இரண்டு கீற்று. பெண்களின் பதினோரு ஆணியும் தனிப் பலகையாக, டீச்சர் கையில். ஆண்கள் பலகை தாண்டவராயனிடம். அவரவர் வில்லையை அவரவர் கையாலேயே மாட்ட வேண்டும். அடுத்தவர் கையில் கொடுத்தால் அன்றைக்கு டீ கிடையாது என்று சின்னப்பையன் ஒரு தண்டனையும் கண்டுபிடித்தார்.

பிறகு எல்லாப் பெண்களும் தண்ணீர் குடித்தார்கள். அந்தத் தெருவின் மூன்றாவது வீட்டுப் பெண் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள்.

*

திரும்பும் வழியில் ஒரகடத்தில் இரண்டாம் ட்ரயல் நடந்தது. மஞ்சள் கீற்று மூன்று தடவை தொங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்னப்பையன் கேட்க வாயெடுத்தார். டீச்சர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கண்ணப்பன் செந்தாமரைக்குப் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரம் நின்ன?"

"ஒண்ணே கால் மணி நேரம் இருக்கும்."

"அதே எடத்துலயா?"

"நிழலோட ரெண்டு அடி நவுந்தேன். ஒருத்தரு வண்டில ஏறச் சொன்னாரு. ஏறல."

அவர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே, வேலி கட்டி இன்னும் எதுவும் எழும்பாத நிலம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏறியிருந்தீன்னா வழில மாறிப் போயிருப்போம். நாங்க படப்பைக்குள்ள வராம குறுக்கு வழில திரும்பி வந்தோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் திரும்பிப் பாத்திருக்கணும்" என்றும் சொன்னார்.

நாலு மணிக்கு மண்ணூரில் இறங்கியதும், பஸ் பானட்டின் மேலேயே படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து, முழுப் பெயரும் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். சம்பளப் பட்டியலுக்குப் போடுகிற அதே கையெழுத்து. பிறகு பலகையை அவிழ்க்கப் பஸ்ஸுக்குள் ஏறினார்.

செந்தாமரை மூச்சு விட்டாள். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்.

தாண்டவராயன் போகாமல் நின்றார். தோள்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அண்ணி, இது நேத்து சாயங்காலம் வந்துச்சு. ட்ரயல் முடியட்டும்னு வெச்சிக்கினு இருந்தேன்."

விமானத் தபால் உறை. சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டு யாரும் தனியாக அலையக் கூடாது, அவர்களே ஓட்டலுக்கு வரட்டும் என்பது பயணத்தின் இன்னொரு விதி. அதற்காக மூன்று பேரின் விலாசத்தைச் சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்கு எழுதியிருந்தார் தாண்டவராயன். ஏஜென்ட் தமிழர், தமிழிலேயே பதில் எழுதியிருந்தார். மீனம்மாளின் தம்பி சனிக்கிழமை மாலை வருகிறான். இன்னொருவரின் மருமகன் ஞாயிறு வருகிறார்.

மூன்றாவது பத்தியைச் செந்தாமரை இரண்டு தடவை படித்தாள்.

'பகலவன் என்பவர் தாங்கள் கொடுத்த விடுதியில் இல்லை. நேரில் போய் விசாரித்தேன். ஏப்ரல் மாதக் கடைசியிலேயே காலி செய்துவிட்டாராம். பட்டறையிலும் இப்போது வேலையில் இல்லை. போன இடம் யாருக்கும் தெரியவில்லை.'

அவனுடைய கடைசிக் கடிதம் வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அதன் தலைப்பில் இதே விடுதியின் விலாசம்தான் எழுதியிருந்தது.

"அண்ணனுக்குச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். கையெழுத்து விழுந்தாச்சு" என்றார் தாண்டவராயன் தாழ்ந்த குரலில்.

செந்தாமரை பஸ் கதவைப் பார்த்தாள். உள்ளே கண்ணப்பன் கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் படிவம் கிழிந்தாலும் கிழியும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நிச்சயம். உறையை மடித்து இடுப்புப் பைக்குள் வைக்கக் கை போனது. பாதி வழியில் நின்றது. ஒரு நாளைக்கு ஒரு பொய் போதும்.

"ஏங்க, கொஞ்சம் கீழ வாங்க" என்று கூப்பிட்டாள்.

கண்ணப்பன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கடிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். தாண்டவராயன் பானட்டின் மேல் கிடந்த படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். 

"அண்ணே, வேணாம்னு தோணுனா சொல்லிரு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

கண்ணப்பன் படிவத்தை எடுத்தார். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. இரண்டாக மடித்துத் தாண்டவராயன் கையில் கொடுத்தார்.

"அவன் இருக்குற எடம் தெரிஞ்சிருந்தா ஒரு கடுதாசி போதும், செந்தாமரை" என்றார். "தெரியாதப்பதான் ஆளு போவணும்."